பிராபர்ட்டி ரூமில் நூற்று அறுபத்து மூன்று ஆமைகள்

1. இரண்டு சூட்கேஸ்கள்

பிராபர்ட்டி கிளார்க்காக நான் சார்ஜ் எடுத்து மூன்றாவது வாரம். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். காக்கி உடுப்பில் ஒரு வனக்காவலர் இரண்டு பெரிய சூட்கேஸ்களைத் தூக்கிவந்து என் மேஜைக்கு முன்னால் வைத்தார். வைத்த பிறகும் ஒன்று லேசாக ஆடியது. உள்ளேயிருந்து நகத்தால் பிறாண்டுகிற சத்தம் வந்தது.

"என்னங்க இது?"

"ஆமைங்க மேடம். நூத்தி அறுபத்து மூணு. எண்ணி வாங்கிக்கிட்டு ரசீது குடுங்க."

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூரில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட். வழக்குகளில் பறிமுதல் செய்யப்படும் பொருள்களைத் தீர்ப்பு வரும்வரை பூட்டி வைக்கிற இடம்தான் பிராபர்ட்டி ரூம். சைக்கிள், கத்தி, சாராய கேன், ரத்தக்கறை படிந்த சட்டை, திருட்டுக் குத்துவிளக்கு என்று எல்லாம் அங்கே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.எஃப். நம்பர், அதாவது பிராபர்ட்டி ஃபார்ம் எண், ரிஜிஸ்டரில் ஒரு வரி. ஜட்ஜ் கேட்கிற நாளில் பொருள் அதே எண்ணிக்கையில் மேஜை மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளார்க் பதில் சொல்ல வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம். ஆபீஸ் பேச்சையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அந்த வனக்காவலர் முனியப்பா மட்டும் என்னிடம் தமிழிலேயே பேசுவார். கோலார் பக்கத்துக்காரர்.

சூட்கேஸைத் திறந்தோம். வரிசையாகக் குழந்தைகளின் சாக்ஸ்கள் அடுக்கியிருந்தன. சிவப்பு, நீலம், பூப்போட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் தலையும் காலும் உள்ளே இழுத்துக்கொண்ட ஓர் ஆமை. அசையாமலிருக்கச் சுற்றிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நான் கத்தரியால் வெட்டினேன், அவர் உருவி எடுத்துத் தரையில் வைத்தார். கறுப்பு ஓடு, ஒவ்வொரு மேட்டிலிருந்தும் நட்சத்திரம் போல மஞ்சள் கோடுகள். பெரும்பாலும் உள்ளங்கையளவு. ஏழெட்டு மட்டும் சோற்றுத் தட்டு அளவுக்குப் பெரியவை. ஒன்று என் ரிஜிஸ்டர் மேல் மூத்திரம் பெய்தது. அந்தக் கறை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

"இத வச்சு என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல வீட்டுல வச்சு வளக்குறாங்களாம் மேடம். வீட்ல இருந்தா அதிர்ஷ்டமாம். எங்க ஊர்ப் பக்கம் நான் சின்னப் பையனா இருந்தப்ப மழை பேஞ்சா கடலைக்காய்க் கொல்லையில அஞ்சாறு நடக்கும். இப்ப நாள் பூரா சுத்தினாலும் ஒண்ணு கண்ல படல."

சிவாஜிநகரில் ஒரு லாட்ஜில் பிடித்திருக்கிறார்கள். கூடவே பிடிபட்டவன் பெயர் ஏழுமலை. தங்கவயல் பக்கத்து ஆள். பெட்டியை யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்னார்கள், உள்ளே என்ன இருக்கிறதென்றே தனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தான். அன்றைக்கு எங்கள் ஜட்ஜ் லீவு. இன்சார்ஜாக இருந்தவர், "மறு உத்தரவு வரும்வரை பிராபர்ட்டி செக்‌ஷனில் வைக்கவும்" என்று எழுதிவிட்டார். எழுதியபோது அவர் பெட்டியைப் பார்க்கவில்லை.

எண்ணினோம். நூற்று அறுபத்து மூன்று சரியாக இருந்தது. ரசீது கொடுத்தேன்.

2. லிஸ்டில் இல்லாத வார்த்தை

அந்த அறை கல் கட்டடத்தின் வடக்கு மூலையில் இருந்தது. வெயிலே வராது. தரையில் எப்போதும் ஈரம். மாம்பழப் பெட்டிகளில் வைக்கோல் போட்டு ஆமைகளை விட்டோம். வீட்டுக்குப் போக பஸ் மாறுவது சிவாஜிநகரில்தான். அங்கே மார்க்கெட்டில் கழித்துப் போடும் கோஸ் இலை, முள்ளங்கித் தழையை ஒரு பையில் அள்ளிவந்து காலையில் போடுவேன். முனியப்பா வாரத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். பெரிய ஆமைகளுக்கு மண் வேண்டும் என்று சொல்லி ஒரு பெட்டியில் செம்மண் நிரப்பி ஜன்னலோரம் வைத்ததும் அவர்தான்.

முதல் வாரத்திலேயே மூன்று செத்தன.

பயந்துபோய் சிரஸ்தேதாரிடம் ஓடினேன். கோர்ட் ஆபீஸுக்குத் தலைவர் அவர்தான். கெட்டவர் இல்லை. என் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது பத்து நாள் லீவை ஒரு கேள்வி கேட்காமல் சாங்ஷன் செய்தவர்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மஹஜர் பேப்பரை, அதாவது பறிமுதல் செய்தபோது எழுதிய பட்டியலை, நிதானமாகப் படித்தார்.

"வசந்தா, இதுல என்ன எழுதியிருக்கு? 'ஆமைகள், நூத்தி அறுபத்து மூணு.' உயிரோடன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஓட்டைக் கழுவி, காயவச்சு, அதே பெட்டியில வைங்க. எண்ணிக்கை சரியா இருக்கும். தேவையில்லாம நோட் போட்டா உங்களுக்குத்தான் மெமோ வரும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. அடுத்த மூன்று மாதம் அப்படியே செய்தேன். செத்ததை முனியப்பா எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து கொடுப்பார். நான் அதைத் துடைத்து, பி.எஃப். சீட்டு ஒட்டி, பழைய நியூஸ்பேப்பர் விரித்த அலமாரித் தட்டில் வைப்பேன். நவம்பர் முடியும்போது தட்டில் பதினேழு ஓடுகள் இருந்தன. ரிஜிஸ்டரில் நூற்று அறுபத்து மூன்று என்றே இருந்தது.

இதற்கிடையில் ஆமைகளைத் திரும்பக் காட்டில் விட அனுமதி கேட்டு வனத்துறை மனு போட்டிருந்தது. ஏழுமலையின் வக்கீல் எதிர்த்தார். "வழக்கு முடியறவரைக்கும் பொருள் கோர்ட்டுல இருக்கணும். காட்டுல விட்டுட்டா நாளைக்கு எதைக் காட்டி நான் சாட்சியைக் கேள்வி கேக்கறது?" என்பது அவர் வாதம். சட்டப்படி பேசினால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு வாய்தாவுக்கு அரசு வக்கீல் வரவில்லை. ஒரு வாய்தாவுக்கு ஏழுமலையின் வக்கீல் வரவில்லை. ஒரு வாய்தா லீவு நாளில் விழுந்தது. மனு கேஸ் கட்டுக்குள்ளேயே கிடந்தது.

3. டிசம்பர்

பெங்களூர் டிசம்பர் மனிதர்களுக்கு நல்ல மாதம். அந்த ஆமைகளுக்கு இல்லை. மூக்கில் நுரை கட்ட ஆரம்பித்தது. வாயைத் திறந்து திறந்து மூடின. இலையைத் தொடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தபோது ஒரே பெட்டியில் ஒன்பது செத்துக் கிடந்தன.

முனியப்பா வந்து பார்த்தார். ஒன்பதையும் சாக்கில் போட்டுக் கட்டினார். பிறகு, "கழுவிக் குடுக்கட்டா மேடம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மூன்று மாதமாகக் கேட்பதுதான். ஆனால் எனக்கு அலமாரித் தட்டைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்த்தேன். பதினேழு. இன்னும் ஒன்பது வைக்கத் தட்டில் இடம் இருக்காது, வேறு தட்டு காலி செய்ய வேண்டும் என்று மனது கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்டதற்காக எனக்கே என்மேல் வெட்கம் வந்தது. இப்படியே போனால் மார்ச்சுக்குள் நூற்று அறுபத்து மூன்றும் ஓடாகிவிடும். அப்போதும் என் ரிஜிஸ்டர் சரியாகத்தான் இருக்கும்.

அன்று மத்தியானம் உட்கார்ந்து ஜட்ஜுக்கு ஆபீஸ் நோட் எழுதினேன். எந்தத் தேதியில் எத்தனை செத்தது, மொத்தம் இருபத்தாறு, மிச்சம் நூற்று முப்பத்தேழு. தேதிகள் என் டைரியில் இருந்தன. உடனே தெரிவிக்காதது என் தவறு என்றும் எழுதினேன். ஓடுகளை யார் வைக்கச் சொன்னார்கள் என்று எழுதவில்லை. வைத்தது நான்தானே.

சிரஸ்தேதார் படித்துவிட்டு நோட்டை மேஜையில் வைத்தார்.

"இது மேல போனா உங்க சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஏறும். வர்ற வருஷம் உங்களுக்குப் புரமோஷன் லிஸ்ட். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஆமைக்காகவா?"

"இல்ல சார். நான் எழுதற எண்ணிக்கை பொய்யா இருக்கு சார்."

அவர் நோட்டைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். மறுநாளே எனக்கு மெமோ வந்தது. இருபத்தாறு பொருள் சேதமானதை இத்தனை நாள் மறைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். எச்சரிக்கை பதிவானது. புரமோஷன் ஒரு வருடம் தள்ளிப்போனது.

நோட்டால் இன்னொன்றும் நடந்தது. ஜட்ஜ் தானே இறங்கி பிராபர்ட்டி ரூமுக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு ஜட்ஜ் அந்த வாசற்படியைத் தாண்டிப் பார்த்ததில்லை. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். ஓர் ஆமை அவர் ஷூவைப் பார்த்து நாலு அடி நடந்து வந்தது.

"இதுக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார்.

பெட்டிகளை வெயில் படும் வராந்தாவுக்கு மாற்றச் சொன்னார். இரண்டு தரப்பும் முன்னால் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அதன் பிறகு மனுவில் உத்தரவு என்றார். வனத்துறையிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். சாவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எண்ணுவதற்கான தேதி இரண்டு தடவை தள்ளிப்போய் மார்ச் கடைசிக்கு வந்தது. அதற்குள் இன்னும் பன்னிரண்டு போயின. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் செத்த அன்றைக்கே எழுதினேன்.

4. எண்ணிய நாள்

கோர்ட் வளாகத்து மரத்தடியில் ஜமக்காளம் விரித்தோம். ஜட்ஜுக்கு ஒரு நாற்காலி, வக்கீல்களுக்கு ஒரு பெஞ்ச். அரசு வக்கீல், ஏழுமலையின் வக்கீல், போட்டோகிராபர், பெஞ்ச் கிளார்க், முனியப்பா, நான். ஜாமீனில் இருந்த ஏழுமலை கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முப்பது வயதிருக்கும். மெலிந்த ஆள்.

என் கணக்குப்படி நூற்று இருபத்தைந்து இருக்க வேண்டும். முனியப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, பெஞ்ச் கிளார்க் சத்தமாக எண்ணினார். நூற்று இருபத்தைந்து வந்தது.

கடைசியாகச் செம்மண் பெட்டியைக் கவிழ்த்தார்கள். மண்ணோடு சேர்ந்து சின்னதாக நாலு உருண்டைகள் விழுந்தன. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அசைந்தன.

"நூத்தி இருபத்தொம்பது" என்றார் பெஞ்ச் கிளார்க்.

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். பொருள் குறைந்தால் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும். பொருள் கூடினால் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஏழுமலையின் வக்கீல் இதற்குத்தான் காத்திருந்தது போல எழுந்தார். "பாத்தீங்களா சார்? கோர்ட் கஸ்டடியில இருந்த பொருள் எப்படிக் கூடும்? செத்ததுக்குப் பதிலா வெளியிலிருந்து கொண்டுவந்து வச்சிருக்காங்க. என் கட்சிக்காரர்கிட்டப் பிடிச்சது இதுதான்னு இனிமே எப்படி நம்பறது? அந்தக் கிளார்க் ஏற்கனவே மெமோ வாங்கினவங்க!"

அந்தக் கடைசி வாக்கியம் உண்மை. ஆமையைத் திருடி மாற்றினாள் என்று ஒரு வரி உத்தரவில் ஏறிவிட்டால் வேலையே போய்விடும்.

போட்டோகிராபர் அந்தச் சின்ன நாலையும் படம் எடுக்க வசதியாக வெயிலில் தகரத் தட்டு மேல் மல்லாத்தி வைத்தார். அவை காலை உதைத்துக்கொண்டன.

"ஐயா!" என்று ஒரு குரல் வந்தது. ஏழுமலை. "ஐயா, அதுங்களத் திருப்பிப் போடச் சொல்லுங்க. குட்டிங்க. தகரம் சுடும், செத்துடும்."

எல்லோரும் திரும்பினோம். அவனுடைய வக்கீல், "நீ வாயை மூடு" என்று பல்லைக் கடித்தார். அவன் மூடவில்லை. ஜமக்காளத்தின் ஓரம்வரை வந்துவிட்டான்.

"யாரும் வச்சது இல்லீங்க. அதோ, அந்தப் பெருசு பொட்டை. மண்ணு இருந்தா பின்னங்காலால குழி பறிச்சு முட்ட வுட்டு மூடிடும். அஞ்சு மாசம் ஆவும் பொரிக்க. மண்ணக் கிளறிப் பாருங்க, ஓடு கெடக்கும்."

முனியப்பா மண்ணைக் கிளறினார். வெள்ளை முட்டை ஓடுகள் உடைந்து கிடந்தன. பொரிக்காத முட்டை ஒன்றும் இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்றே தனக்குத் தெரியாது என்று ஏழு மாதமாகச் சொல்லிவந்தவன். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "சார், இதை ரெக்கார்ட் பண்ணணும்!"

ஜட்ஜ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "அவன் சாட்சிக் கூண்டுல நிக்கல. நாம ஆமை எண்ண வந்திருக்கோம்." பிறகு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து, "பொருள் எப்படிக் கூடுச்சுன்னு உங்க கட்சிக்காரரே சொல்லிட்டாரு. இன்னும் ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். வக்கீல் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது. இறப்பு முப்பத்தெட்டு, பிறப்பு நான்கு, இருப்பு நூற்று இருபத்தொன்பது. போட்டோக்களும் ஓடுகளும் வழக்குக்குப் போதும், உயிருள்ளவற்றை வனத்துறை உகந்த இடத்தில் விட வேண்டும், கோர்ட் ஊழியர் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும்.

எல்லோரும் கலைந்த பிறகு ஏழுமலை ஜாமீன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்தான். நான் கேட்டேன்.

"ஏன்யா பேசின? உன் கேஸுக்கு எவ்வளவு கெடுதல் தெரியுமா?"

"குட்டி மல்லாந்து கெடக்குது மேடம். பாத்துக்கினு எப்படிச் சும்மா நிக்கிறது?"

"சாக்ஸுல போட்டு டேப் சுத்தினப்ப மட்டும் எப்படி இருந்தியாம்?"

அவன் கையெழுத்துப் போடுவதை நிறுத்தவில்லை. "அது வேல மேடம்" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஈரத்துணியால் ஓடு துடைத்த மூன்று மாதத்தை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வழக்கு இரண்டு வருடம் கழித்து முடிந்தது. அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலில் சில மாதம் இருந்தான் என்று கேள்விப்பட்டேன். அவனிடம் அந்த ஆமைகளை வாங்கவிருந்தவர் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

5. கடைசி வரி

உடனிருந்து பார்க்க வேண்டிய ஊழியர் நான்தான். ஏப்ரலில் முதல் மழை பெய்த இரண்டாம் நாள், வனத்துறை ஜீப்பில் போனோம். ஆந்திர எல்லையை ஒட்டிய கரட்டுக் காடு. பாறை, முள்புதர், இடையிடையே புதிதாக முளைத்த புல். இடத்தைத் தேர்ந்தெடுத்தது முனியப்பா. ஊரும் ரோடும் இல்லாத பக்கமாகப் பார்த்திருந்தார்.

கூட்டமாக விடாமல், இருபதடிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே நடந்தோம். நாலு குட்டிகளையும் கையே நுழையாத ஒரு முள்புதருக்கு அடியில் குச்சியால் தள்ளிவிட்டார். பருந்து எடுக்காமல் இருக்கட்டும் என்றார். வைத்த இடத்திலேயே எல்லாம் தலையை இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடந்தன. எட்டு மாதம் பெட்டிக்குள் இருந்ததில் நடக்கவே மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். "நாம நின்னா நவுராது மேடம்" என்றார் முனியப்பா. ஜீப்புக்குத் திரும்பி, கொண்டுபோன சித்திரான்னத்தைச் சாப்பிட்டு, நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரத்தில் யோசித்ததைத்தான் பிற்பாடு எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லாக் கிளார்க்குகளிடமும் சொன்னேன். ஒரு பொருளை வாங்கும்போது முதலில் அதற்கு மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிளியோ சேவலோ மாடோ, "உயிருள்ளது" என்று மஹஜரில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ரசீது கொடுக்காதீர்கள். அன்றைக்கே ஜட்ஜுக்கு நோட் போடுங்கள். ஒன்று செத்தால் செத்த அன்றே எழுதுங்கள். மெமோ வரும், வரட்டும். நான் மூன்று மாதம் தாமதித்தேன். முதல் மூன்று செத்த அன்றே எழுதியிருந்தால் எத்தனை பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. சில பிழைத்திருக்கும் என்று மட்டும் தெரியும்.

நாலு மணிக்கு மேல் திரும்பப் போய்ப் பார்த்தோம். வந்த வழியிலேயே நடந்தோம். அங்கங்கே புல் மடங்கியிருந்தது. ஈர மண்ணில் கால் இழுத்த தடம் இருந்தது. முழுக்கத் தேடியும் ஏழு ஆமைகள்தான் கண்ணில் பட்டன. அதில் ஒன்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜீப்பின் பானெட்டில் ரிஜிஸ்டரை வைத்து, கடைசிக் கட்டத்தை நிரப்பினேன். "நூற்று இருபத்தொன்பது விடப்பட்டன. மாலை பார்வையிட்டதில் ஏழு தவிர மற்றவை இல்லை."

முனியப்பா எட்டிப் பார்த்தார். "இல்லைன்னு எழுதறீங்களே மேடம். நாளைக்கு ஏதாவது கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா சொல்லிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்தோரு வருட சர்வீஸில், என் பொறுப்பில் இருந்த பொருள் இல்லை என்று நான் எழுதிய வரி அது ஒன்றுதான். யாரும் விளக்கம் கேட்கவில்லை.